உஷார்! மே மாதக் கடல் பாதி விலைக்குக் கிடைக்கிறதா?

டிக்கெட் போட்டுவிட்டீர்களா? ஏஜென்ட்டுக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டீர்களா? இன்னும் கட்டவில்லை என்றால் ரொம்ப நல்லது. கட்டியிருந்தாலும் பயப்படாதீர்கள், இன்னும் நேரம் இருக்கிறது. அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். இதை முழுசாகப் படித்துவிட்டுப் பெட்டியை எடுங்கள்.

முழுப் பரீட்சை நெருங்கினால் எங்கள் திருச்சி பாலக்கரையில் ஒரே பேச்சுதான். முன்பெல்லாம் ஊட்டி, கொடைக்கானல். இப்போது கடல். சகாய மாதா கோயில் வாசலில் இரண்டு பேர் நின்று பேசினாலும் அதுதான், ரவுண்டானா டீக்கடையிலும் அதுதான். ஒருத்தர் கோவா என்கிறார். ஒருத்தர் பாண்டிச்சேரியில் பூல் வில்லா என்கிறார். கொஞ்சம் கையில் காசு சேர்ந்தவர்கள் ஃபூக்கெட் என்கிறார்கள். நம்ம ஏர்போர்ட்டிலேயே ஏறி, கோலாலம்பூரில் மாறினால் தாய்லாந்துக் கடற்கரை. மே மாதம், மூன்று இரவு, நாலு பகல், காலை டிபனோடு ரிசார்ட். டிசம்பரில் கேட்ட விலையில் கிட்டத்தட்ட பாதி.

பாதி விலை. ஏன் பாதி விலை என்று யாராவது கேட்டீர்களா?

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு வீட்டில் யாரும் கேட்கவில்லை. பெயர் வேண்டாம். அந்த வீட்டு அக்காவே நடந்ததை என்னிடம் சொல்லி, "மத்தவங்களுக்காவது சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன்.

எட்டுப் பேர் ஃபூக்கெட்டுக்குப் போனார்கள். அக்கா, அவர் வீட்டுக்காரர், பதினோரு வயது மகள், சின்னப் பையன், அம்மா, தம்பி, தம்பி மனைவி, அவர்கள் கைக்குழந்தை. தம்பிக்கு நீச்சல் அத்துப்படி. ஏழு வயதில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் கற்றவர். வாலிபத்தில் கொள்ளிடத்தில் தண்ணீர் வரும்போது அக்கரைக்கு நீந்திப் போய்த் திரும்பியவர். "தம்பி இருக்கான், எனக்கென்ன பயம்" என்றுதான் அக்கா பிள்ளைகளைக் கடலில் விட்டார்.

போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம். மணலில் சிவப்புக் கொடி ஊன்றியிருந்தது. பிள்ளைகள் அந்தக் கொடியைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோ இன்னும் அக்காவின் போனில் இருக்கிறது. கொடிக்கு என்ன அர்த்தம் என்று எட்டுப் பேரில் ஒருத்தருக்கும் தெரியாது. அழகுக்கு நட்டிருக்கிறார்கள் என்று நினைத்தார்களாம்.

இரண்டு பக்கமும் அலை புரண்டு புரண்டு விழுந்துகொண்டிருக்க, நடுவில் ஓர் இடம் மட்டும் அமைதியாக இருந்தது. அலையே இல்லை. தம்பி பார்த்துப் பார்த்து அந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுத்தார். "பாப்பா, இங்க வா, இங்க அலை அடிக்கல."

அந்த அமைதியான இடம்தான் எமன்.

இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்கள் இரண்டு நிமிஷத்தில் கால் எட்டாத இடத்தில் இருந்தார்கள். அக்கா கரையில் நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அதில் இரண்டு தலைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகின்றன. "போதும், வாங்கடா" என்று அக்கா சிரித்துக்கொண்டே கூப்பிடும் குரல் கேட்கிறது. கடலிலிருந்து ஒரு கூச்சல் இல்லை, ஒரு கையசைப்பு இல்லை. விளையாடுகிறார்கள் என்றே அவர் நினைத்தார்.

வேலை முடிந்து பலகையை எடுத்துக்கொண்டு கிளம்பிய லைஃப்கார்டு பையன் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தான். பார்த்ததும் ஓடினான். பத்து நிமிஷம் கழித்து இது நடந்திருந்தால் அந்தக் கரையில் அவனும் இருந்திருக்க மாட்டான்.

பாப்பா பிழைத்துவிட்டாள். மாமாவின் அரைஞாண் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கியிருக்கிறாள், விடவே இல்லை. கயிறும் அறுந்துபோகவில்லை. தம்பியின் இடுப்பைச் சுற்றி அது பதிந்த தழும்பு கறுப்புக் கோடாக இன்னும் இருக்கிறது. அவர் கரையைப் பார்த்து முழு பலத்தோடு நீந்தியிருக்கிறார். நீந்த நீந்தக் கரை தள்ளித் தள்ளிப் போனதாம். நுரையீரலில் தண்ணீர் போய் மூன்று நாள் ஆக்சிஜனில் கிடந்தார். இன்ஷூரன்ஸ் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் முதலில் டெபாசிட் கேட்டார்கள். வீட்டில் இருந்த நகைகள் இங்கே அடகுக்குப் போய், பணம் அங்கே போனது.

அவர் இப்போது காவிரிக்கும் போவதில்லை.

தாயே, ஐயா, ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நாம் ஆற்றுக்காரர்கள். உய்யக்கொண்டான் ஊருக்குள் ஓடுகிறது, காவிரி ஒரு பக்கம், கொள்ளிடம் ஒரு பக்கம். தண்ணீர் நமக்குப் புதிதில்லை என்று ஒரு தைரியம். அந்த தைரியம்தான் கடலில் ஆளை முடிக்கிறது. ஆறு ஒரே திசையில் ஓடும். இழுத்தாலும் கரையை ஒட்டியே கீழே கொண்டுபோகும், சாய்வாக நீந்தினால் எங்கேயாவது ஒதுங்கலாம். கடல் அப்படி இல்லை. கரைக்கு வந்து விழுந்த அலைத்தண்ணீர் எல்லாம் திரும்பிப் போக வழி தேடும். மணல் திட்டுக்கு நடுவே ஒரு பள்ளம் கிடைத்தால் அதன் வழியாகத் திரண்டு, கரையிலிருந்து நேராக நடுக்கடலைப் பார்த்து ஓடும். ரிப் கரன்ட் என்கிறார்கள், இழுவை நீரோட்டம். வேகம் பிடித்தால் விநாடிக்கு இரண்டு மீட்டர். பந்தயத்தில் நீந்துகிறவராலும் அதை எதிர்த்துக் கரைக்கு வர முடியாது. பள்ளமாக இருப்பதால் அங்கே அலை உடையாது. அதனால்தான் பார்க்க அமைதியாக இருக்கும். அந்த இடத்தைத்தான் நாம் "பிள்ளைகளுக்கு நல்ல இடம்" என்று காட்டுகிறோம்.

அது ஆளை அடியில் இழுக்காது. வெளியே இழுக்கும், அவ்வளவுதான். எதிர்த்து நீந்திக் களைத்துப்போய்த்தான் ஆள் மூழ்குகிறார். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தாதீர்கள். மல்லாந்து மிதங்கள். பதறாமல் மூச்சு விட்டுக்கொண்டு கையைத் தூக்கி அசையுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்துங்கள். இழுவை சில பத்து மீட்டர் அகலம்தான் இருக்கும், தாண்டிவிட்டால் அலையே உங்களைக் கரைக்குத் தள்ளும். இதை வீட்டில் பிள்ளைகளை உட்காரவைத்து இரண்டு முறை சொல்லிக்கொடுங்கள். கடற்கரையில் போய்ச் சொன்னால் அவர்கள் காதில் விழாது.

வெளிநாட்டுக்குப் போனால்தானே இதெல்லாம் என்று நினைக்கிறீர்களா? 2024 மே 6-ஆம் தேதியை மறந்துவிட்டீர்களா? நம்ம திருச்சியில் மருத்துவம் படித்த பிள்ளைகள், டாக்டராக வெளியே வர வேண்டியவர்கள். நாகர்கோவிலுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். பக்கத்தில் கணபதிபுரம் லெமூர் கடற்கரைக்குப் போனார்கள். ஐந்து பேர் திரும்பவில்லை. ஐந்து பிள்ளைகள்! அவர்களுக்குப் படிப்பில் குறைவா, அறிவில் குறைவா?

அன்றைக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. பெயரே சொல்லிவிடுகிறது பாருங்கள், கள்ளன் மாதிரி வரும். இங்கே காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் வெளுத்துக் கிடக்கும். எங்கோ தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் புயலில் எழும்பிய அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிவந்து நம்ம கரையில் ஏறும். மணலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கால் நனைக்கிறவரையும் அது விடாது. ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையம், இன்காய்ஸ், இதை முன்கூட்டியே கணித்து எச்சரிக்கை விடுகிறது. டி.வி.யில் ஓடுகிறது, பேப்பரில் வருகிறது. மீனவர்களுக்கான செய்தி என்று நாம் தாண்டிப் போகிறோம். அது உங்களுக்கான செய்தி.

சரி, பாதி விலைக்கு வருகிறேன்.

ஃபூக்கெட்டின் பேர்போன கடற்கரைகள் எல்லாம் மேற்கே பார்த்தவை. படோங், கரோன், கட்டா எல்லாமே. மே முதல் அக்டோபர் வரை அங்கே தென்மேற்குப் பருவக்காற்று. கடல் கொந்தளிக்கும், சிவப்புக் கொடி நாள்கணக்கில் பறக்கும். கோவாவும் மேற்கே பார்த்ததுதான், ஜூன் முதல் செப்டம்பர் வரை இறங்கக் கூடாத கடல் அது. ஆஃப் சீசன் என்று ஏஜென்ட் சொல்கிறாரே, அதற்கு அர்த்தம் கூட்டம் குறைவு என்பது மட்டும் இல்லை. கடல் குளிக்கிற நிலையில் இல்லை என்று அர்த்தம். நமக்கோ பள்ளிக்கூட லீவு மே மாதம்தான். கத்திரி வெயிலில் வெந்துபோய் எங்கேயாவது தண்ணீரில் விழுந்தால் போதும் என்று இருக்கிற மாதம். கடல் கெடுகிற மாதமும் நம் லீவு மாதமும் ஒன்றாக வந்து நிற்கின்றன. இதை ஒரு விளம்பரமும் சொல்லாது.

நம் கிழக்குக் கரைக்குக் கணக்கு வேறு. பாண்டிச்சேரி, தரங்கம்பாடி, மாமல்லபுரம் பக்கம் வடகிழக்குப் பருவம்தான் மோசம். ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பக்கம் கடலில் இறங்கவே இறங்காதீர்கள். மற்ற மாதங்களில் பயமில்லை என்று நான் சொல்லவில்லை. இழுவை நீரோட்டத்துக்கு மாதம் கிடையாது.

பாலக்கரைக்காரர்களுக்குத் தெரிந்த கடல் என்றால் வேளாங்கண்ணிக் கடல். நடைபயணம் போய், மாதாவைக் கும்பிட்டு, அலையில் கால் நனைத்துவிட்டு வருகிற கடல். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் அதே கடல் என்ன செய்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். ஃபூக்கெட்டையும் அதே நாள், அதே சுனாமிதான் அடித்தது. கடற்கரையில் நிற்கும்போது தரை ஆடினாலோ, கடல் திடீரென்று உள்வாங்கி அடிமணல் தெரிந்தாலோ வேடிக்கை பார்க்க ஓடாதீர்கள். பையை விடுங்கள், செருப்பை விடுங்கள். மேட்டுக்கு ஓடுங்கள்.

இனி, கடலுக்கு முன்னால் நிற்கும்போது பார்க்க வேண்டியவை. கத்தரித்துப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிவப்புக் கொடி என்றால் இறங்காதே என்று அர்த்தம். முட்டி அளவுக்குக்கூட இறங்கக் கூடாது. சிவப்பும் மஞ்சளும் பாதிப்பாதியாக இருக்கும் இரண்டு கொடிகள் நட்டிருந்தால் அந்த இரண்டுக்கும் நடுவில் மட்டும் குளிக்கலாம், அங்கே லைஃப்கார்டு கண் வைத்திருப்பார். கொடியே இல்லை, ஆளே இல்லை என்றால் குளிக்கலாம் என்று அர்த்தமில்லை. காப்பாற்ற ஆள் இல்லை என்று அர்த்தம்.

அலைகளுக்கு நடுவே அமைதியான ஒரு பட்டை. கலங்கிய, மண் நிறத் தண்ணீர். கரையிலிருந்து வெளியே போகும் நுரை, குப்பை, பாசி. இதில் ஒன்றைப் பார்த்தாலும் அந்த இடம் வேண்டாம். இறங்குவதற்கு முன் பத்து நிமிஷம் மணலில் சும்மா உட்கார்ந்து கடலைப் பாருங்கள். கண்ணுக்குத் தானாகத் தெரியும்.

உள்ளூர் மீனவர்கள் படகைக் கரையில் ஏற்றி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களா? போய்க் கேளுங்கள். "அண்ணே, இன்னைக்குக் கடல் எப்படி?" என்று ஒரு வார்த்தை. அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

கைகோத்துக்கொண்டு நிற்காதீர்கள். நம் பெண்கள் சேலையோடும் சுடிதாரோடும் வரிசையாகக் கைகோத்து அலைக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள். நானும் நின்றிருக்கிறேன். நனைந்த சேலை காலைச் சுற்றிக்கொண்டால் அடி எடுத்து வைக்க முடியாது. ஒருத்தி சறுக்கினால் மொத்த வரிசையும் போகும். எந்த நிமிஷமும் கடலுக்கு முதுகைக் காட்டாதீர்கள். போட்டோவுக்காகக்கூட.

மூழ்குகிறவர் கத்த மாட்டார். சினிமாவில் காட்டுகிற மாதிரி "காப்பாத்துங்க" என்று கூவ அவருக்கு மூச்சு இருக்காது. தலை பின்னால் சாய்ந்திருக்கும், வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும், கை தண்ணீரை அமுக்கிக்கொண்டிருக்கும். பார்க்க ஏணி ஏறுகிற மாதிரி இருக்கும். கூப்பிட்டும் பிள்ளை பதில் சொல்லவில்லை, சத்தம் அடங்கிப் போச்சு என்றால் ஓடுங்கள். ஆனால் நீங்களே பின்னால் குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவர்கள் சேர்ந்து போன கதைதான் நிறைய. காலித் தண்ணீர்க் கேன், பிள்ளையின் ரப்பர் டியூப், மிதக்கிற எதையாவது எறியுங்கள், ஆளைக் கூப்பிடுங்கள்.

மீட்ட பிறகும் கவனம். தண்ணீர் குடித்த பிள்ளை அன்று ராத்திரி இருமிக்கொண்டே இருந்தால், மூச்சு வாங்கினால், வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி விழுந்தால், களைப்பு என்று படுக்கப் போடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரி.

பூல் வில்லா எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வில்லாவின் குளத்துக்குக் காவல் யாரும் இல்லை. நடந்து பழகும் குழந்தை, திறந்த கதவு, பெரியவர்கள் மத்தியானத் தூக்கம். இந்த மூன்றும் ஒன்றாகச் சேர விடாதீர்கள். யார் பார்த்துக்கொள்வது என்று பெயர் சொல்லி ஒருத்தரை நியமியுங்கள். "எல்லாரும் இருக்கோமே" என்றால் யாருமே பார்க்கவில்லை என்று அர்த்தம்.

படகுப் பயணம். தீவு தீவாகக் கூட்டிப்போகிறேன் என்பார்கள். 2018 ஜூலை 5-ஆம் தேதி ஃபூக்கெட் கடலில் ஃபீனிக்ஸ் என்ற சுற்றுலாப் படகு புயலில் கவிழ்ந்து 47 பேர் செத்துப்போனார்கள். எல்லாரும் சீனாவிலிருந்து நம்மைப் போல லீவுக்கு வந்தவர்கள். வானிலை எச்சரிக்கை அன்றைக்கும் இருந்தது. பணம் கட்டியாச்சே என்று ஏறாதீர்கள். பணம் போனால் போகட்டும். பிள்ளை அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, பக்கிள் பூட்டுகிறதா என்று உங்கள் கையால் இழுத்துப் பாருங்கள். பெரியவர் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டினால் தண்ணீரில் ஜாக்கெட் மேலே வந்துவிடும், குழந்தை கீழே நழுவிவிடும்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பயண இன்ஷூரன்ஸ் ஓர் ஆளுக்குச் சில நூறு ரூபாயில் தொடங்குகிறது. எட்டுப் பேருக்கும் எடுத்திருந்தால் அந்த வீட்டில் ஒரு மோதிரம்கூட அடகுக்குப் போயிருக்காது. எடுத்தால் மட்டும் போதாது, உள்ளே படியுங்கள். குடித்துவிட்டுக் கடலில் இறங்கினால், லைசென்ஸ் இல்லாமல் வாடகை ஸ்கூட்டர் ஓட்டினால் பெரும்பாலும் ஒரு பைசா தரமாட்டார்கள். ஜெட் ஸ்கீ வாடகைக்கு எடுத்தால் ஏறுவதற்கு முன்பே நாலு பக்கமும் வீடியோ எடுங்கள். பழைய கீறலைக் காட்டி "நீதான் உடைச்ச" என்று சுற்றி நின்று பணம் பறிப்பது பட்டாயாவிலும் ஃபூக்கெட்டிலும் ரொம்ப நாளாக நடக்கிற வேலை.

தாய்லாந்துக்குள் நுழைய 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அது இலவசம். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் அந்நாட்டு அரசுத் தளத்திலேயே நிரப்பலாம். பணம் கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள். ரிசார்ட் பெயரில் போலித் தளம், போலி வாட்ஸ்அப் எண் வைத்து முழுத்தொகையையும் யுபிஐயில் வாங்கிக்கொண்டு காணாமல் போகிறவர்களும் இருக்கிறார்கள். மேப்பில் தேடி, ரிசார்ட்டின் சொந்த எண்ணுக்கு நீங்களே போன் போட்டு, உங்கள் பெயரில் ரூம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் அனுப்புங்கள். ஏமாந்துவிட்டால் அழுதுகொண்டு உட்காராதீர்கள், அந்த நிமிஷமே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. நம்ம கடற்கரையில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் 1093, ஆம்புலன்ஸ் 108. வெளிநாடு என்றால் அந்த ஊர் அவசர எண்ணை இங்கேயே எழுதி எடுத்துப் போங்கள்.

போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் கடலைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் நாளைக் காலையில் முதல் வேலையாக அந்த ஏஜென்ட்டுக்குப் போன் போடுங்கள். மூன்று கேள்வி கேளுங்கள். நாங்கள் போகிற வாரத்தில் அந்தக் கடலில் குளிக்க முடியுமா? ரிசார்ட்டுக்கு முன்னால் இருக்கும் கரையில் லைஃப்கார்டு எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? சிவப்புக் கொடி பறந்தால், படகு ரத்தானால் எங்கள் பணத்தில் எவ்வளவு திரும்ப வரும்? பதிலை வாயால் வாங்காதீர்கள், வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது மேடம்" என்று பதில் வந்தால் அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்கள்.